புளி போட்டுத் தேய்த்த ஈயத் தகடு

என் மாமியார் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தேங்காய் நாரால் ஓர் ஈயத் தகட்டைத் தேய்த்து முடித்திருந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி அது வெயிலில் பளபளவென்று கிடந்தது.

தலையில் இருந்த தண்ணீர்த் தகரத்தைக் கீழே போட்டுவிட்டேன். "அத்தே, என்னா காரியம் செஞ்சிட்டீங்க?" என்று நான் போட்ட கூச்சலில் லயத்து வரிசை வீட்டுக் கோழிகள் எல்லாம் பறந்தன என்று எழுத ஆசைதான். ஆனால் ஜப்பான்காரன் காலத்தில் கோழிக்கு எங்கே போவது? வந்த ஜோரில் எல்லாவற்றையும் பிடித்துத் தின்றுவிட்டான்.

மாமியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அழுக்கா இருந்துச்சு" என்றார்.

அந்தத் தகட்டில் ஊசியால் கீறிய ஒரு கோடு இருந்தது. என் புருஷன் இங்கேயே இருப்பாரா, சயாமுக்கு ரயில் ஏறுவாரா என்பது அந்தக் கோட்டைப் பொறுத்து இருந்தது. அதைத்தான் இந்த மனுஷி துடைத்து எடுத்துவிட்டார்.

போன வாரம் எழுதினதில் ரஹாங் ஊர்க் கல்யாண வீட்டிலேயே அதிக நேரம் சுற்றிவிட்டேனாம். இந்த வாரம் நேராக விஷயத்துக்கு வரச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் தம்பி உத்தரவு. நேராக வருவதற்கு நான் என்ன ரயிலா? கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். வேண்டுமென்றால் வெட்டிக்கொள்ளட்டும்.

கல்மலை

சிரம்பானுக்கு வெளியே இருந்தது எங்கள் தோட்டம். ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பரைச் சீந்துவார் இல்லை. பால் மரமெல்லாம் சும்மா நின்றது. ஆனால் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு கருங்கல் மலை இருந்தது. ரோடு போட அவனுக்குக் கல் வேண்டும். நேற்றுவரை உளி பிடித்துப் பால் வெட்டினவர்களை எல்லாம் சம்மட்டி பிடிக்க வைத்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் பெயர் வீரய்யா. புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன, இனி என்ன குறையப் போகிறது? கல்மலையில் தமர் போடுவது அவர் வேலை. ஒருவர் நீளக் கம்பியைப் பாறையில் ஊன்றிப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, கம்பியைத் திருப்பித் திருப்பிக் கையளவு ஆழத்திலிருந்து ஆள் ஆழம்வரை துளை போடுவார்கள். அந்தத் துளைதான் தமர். அதற்குள் வெடிமருந்தை வைத்துப் பாறையைப் பெயர்ப்பார்கள். பெயர்ந்ததை நாங்கள் பெண்கள் உட்கார்ந்து ஜல்லியாக உடைப்போம்.

மருந்து வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. துரை ஓடுகிற அவசரத்தில் நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு போனான், மருந்துக் கிடங்கை மட்டும் பூட்டாமல் போய்விட்டான். மெழுகுவத்தி மாதிரி காகிதம் சுற்றின தோட்டாக்கள். கனிந்து போன பழ வாசனை அடிக்கும். அதைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். ஆனால் தினமும் தொட்டால் பழகிப் போகும். ஓய்வு நாளில் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி போனால்தான் வலி. அதனால் வீரய்யா துளி மருந்தை முண்டாசு ஓரத்தில் தடவி வைத்து, ஓய்வு நாளிலும் அதைக் கட்டிக்கொண்டே திரிவார்.

என் மாமியார் விடுவாரா? முண்டாசைப் பிடுங்கித் துவைத்துப் போட்டுவிடுவார். மறுநாள் மகன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், புது மருமகள் கால் எடுத்து வைத்த நேரம் என்று பழி என் மேல் விழும்.

அவருக்கு அது ஒரு வியாதி. கண்ணில் படுகிற எதையும் தேய்க்க வேண்டும், துவைக்க வேண்டும். பத்தாததற்குக் காதும் மந்தம். கல்மலை வெடிச் சத்தத்தில் போய்விட்டது என்று சொல்லிக்கொள்வார். எனக்கு அது ரொம்ப வசதி. மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, வாய்க்கு வந்ததை எல்லாம் அவரை முணுமுணுத்துத் திட்டிவிட்டு நிம்மதியாக வேலையைப் பார்ப்பேன்.

பெரியவர்

வீரய்யாவுக்கு ஓர் அண்ணன். காத்தமுத்து என்று பெயர். நான் கல்யாணமாகி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவரை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாள் வேலை, சோறு உண்டு, துணி உண்டு என்று சொல்லித்தான் சிரம்பான் ஸ்டேஷனில் சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அவருடைய பித்தளைத் தட்டை மாமியார் தினமும் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார். சாப்பிடாத தட்டுக்கு என்ன அழுக்கு?

இன்னொன்றும் வைத்திருந்தார். ஒரு சின்ன ஜாடியில் ஊர்ப் புளி, ஒரு கை உருண்டை. கப்பல் நின்றுபோன காலம் அது. புளிப்புக்கு எல்லோரும் மலாய்க்காரர் போடுகிற அசாம் காயின் காய்ந்த துண்டுதான் போட்டோம். அந்த ரசம் தொண்டையோடு மல்லுக்கு நிற்கும். மரவள்ளிக் கிழங்கும் செம்பனை எண்ணெயும் தின்று நாக்கு செத்துக் கிடந்த எனக்கு அந்த ஜாடியைப் பார்த்தாலே எச்சில் ஊறும். ஒரு சுளை கேட்டேன். "பெரியவன் வந்தா மீன் குழம்பு வைக்கணும்" என்று ஜாடியை உத்திரத்துக்கு மேலே ஏற்றிவிட்டார்.

அளவுக்காரன்

நாள் ஆக ஆக மருந்து கெட ஆரம்பித்தது. நம் ஊர் வெக்கையில் தோட்டாக்களுக்கு வியர்த்தது. முன்பெல்லாம் ஒரு வெடிக்கு லயத்துச் சட்டி பானை குலுங்கும். இப்போது கிழவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம். பாறையில் ஒரு விரிசல் விழும், அவ்வளவுதான்.

கல் குறைந்ததும் மேலிடத்தில் கோபம். எங்களை மேய்க்கிற மேஸ்திரி, மண்டோர் என்போம், வந்து சொல்லிவிட்டார். மருந்து செத்துப்போச்சு என்றால் கல்மலையை மூடிவிடுவார்கள், தமர் ஆட்கள் அத்தனை பேரும் சயாமுக்கு. அதைச் சோதித்துச் சொல்ல ஒரு ஜப்பான் இஞ்சினியர் வந்தான்.

ஒல்லியாக, தடித்த கண்ணாடியோடு, கையில் எப்போதும் ஒரு நூல் கண்டு. தமரின் ஆழத்தை அளப்பான், பாறையை அளப்பான், எங்கள் மண்டோர் மீசையை மட்டும்தான் விட்டுவைத்தான். அளவுக்காரன் என்று பெயர் வைத்தோம். நல்லவன் என்று எழுதிவிடாதீர்கள். குனிந்து வணங்கியது போதவில்லை என்று வந்த வாரத்திலேயே மண்டோரை அறைந்தவன் அவன்.

மருந்து எவ்வளவு வேகமாக வெடிக்கிறது என்று அளக்கப் போகிறானாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெடி என்றால் டமார் என்று வெடிக்கும், அதில் வேகம் என்ன, நிதானம் என்ன? அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து வீரய்யா எனக்கு விளக்கினார். மாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரியவர் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வீரய்யா ஒரு நீளமான கிழங்கைத் தரையில் வைத்தார். "இது தமருக்குள்ள இருக்கிற மருந்து. இந்த முனையில பத்த வச்சா, நெருப்பு அந்த முனைக்கு ஓடும். நம்ம கண்ணுக்குத்தான் ஒரே டமார்."

பிறகு ஒரு நூலை எடுத்து, அதன் ஒரு நுனியைக் கிழங்கின் இந்தப் பக்கமும் இன்னொரு நுனியை அந்தப் பக்கமும் குத்தினார். அந்த நூல்தான் ஜப்பான்காரன் கொண்டுவந்த வெடித்திரி. அதுவும் வெடித்துக்கொண்டே ஓடும். அதன் வேகம் அவனுக்குத் தெரியும். கிழங்கின் முதல் முனையில் நெருப்பு கிளம்பியதுமே திரியின் ஒரு நுனி பற்றிக்கொள்ளும். மறு நுனி பற்ற வேண்டுமென்றால், நெருப்பு மருந்து வழியாக ஓடி அங்கே போய்ச் சேர வேண்டும். அப்புறம் இரண்டு நெருப்பும் திரியில் எதிரும் புதிருமாக ஓடி வந்து முட்டிக்கொள்ளும். திரியை ஈயத் தகட்டின் மேல் கிடத்தியிருப்பதால், முட்டின இடத்தில் பல்லால் கடித்த மாதிரி தகட்டில் ஒரு பள்ளம் விழும்.

"ரெண்டும் ஒண்ணா கிளம்பியிருந்தா திரியோட நட்ட நடுவுல முட்டியிருக்கும். அந்த நடுவுலதான் ஊசியால ஒரு கோடு கீறி வைப்பான். மருந்து வேகமா இருந்தா, ரெண்டாவது நெருப்பு ரொம்பப் பிந்தாது. பள்ளம் கோட்டுக்குக் கிட்டக்க விழும். மருந்து மந்தமா இருந்தா தள்ளி விழும்."

"கிட்டக்க விழுந்தா?"

"இங்கதான். தள்ளி விழுந்தா சயாம்."

கிழங்கை எடுத்து ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.

பல் பதிந்த இடம்

மறுநாள் சோதனை. ஒரே ஒரு தமரில் மருந்தை வைத்து, திரியைச் செருகி, தகட்டைத் தள்ளி ஒரு மரக்கட்டையில் கட்டினார்கள். பெண்களை எல்லாம் தூரத்துக்கு விரட்டினார்கள். நான் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து முனியாண்டியைக் கூப்பிட்டேன். ஆடு நேர்ந்துகொள்ளலாம் என்றால் ஆடு ஏது? வெறும் கையோடுதான் கூப்பிட்டேன்.

மருந்து இருமியது. புகை அடங்கியதும் அளவுக்காரன் ஓடிப்போய்த் தகட்டைத் தூக்கினான். நானும் பார்த்தேன். கரி படிந்த தகட்டில் நடுக்கோடு ஓர் இடத்தில், பள்ளம் ஒரு சாண் தள்ளி. கிழங்கையும் நூலையும் வைத்துப் படித்த எனக்கே அர்த்தம் புரிந்துவிட்டது. மருந்து செத்துப்போச்சு.

அளவுக்காரன் முகமும் விழுந்துவிட்டது. நூல் கண்டை எடுத்தான், மறுபடி பையில் போட்டுக்கொண்டான். மறுநாள் காலையில் பெரிய ஆபீசர் வருகிறார், அவர் முன்னால் அளந்து காட்ட வேண்டும், அதுவரை பத்திரமாக வைத்திரு என்று தகட்டை வீரய்யா கையில் கொடுத்துவிட்டு லோரி ஏறிப் போய்விட்டான்.

வீரய்யா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தன் சாவு ஓலையைத் தானே தூக்கிக்கொண்டு வந்த மனுஷனை அன்றுதான் பார்த்தேன். துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மாமியார் கேட்டார், என்னடா ஆச்சு என்று. "ஒண்ணுமில்ல ஆத்தா" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அழுதால் எனக்கும் முகம் வீங்கும், வேலை ஒன்றும் நடக்காது. தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குத் தண்ணீருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்ததைத்தான் ஆரம்பத்தில் எழுதினேன்.

சாம்பல் போதவில்லையா?

பள்ளம் ஆழமானது, அது அப்படியே இருந்தது. ஊசிக் கோடுதான் சுத்தமாகப் போய்விட்டது. ஈயம் வெண்ணெய் மாதிரி மெத்தென்ற உலோகம், செங்கல் தூள் போட்டுத் தேய்த்தால் கீறல் என்ன, எழுதின விதியே அழிந்துவிடும். தகட்டைச் சுற்றிச் சிவப்புத் தண்ணீர் ஓடியிருந்தது. பக்கத்தில் புளி ஜாடி காலியாகக் கிடந்தது.

எனக்கு இரட்டை எரிச்சல். ஒரு சுளை கேட்டதற்கு உத்திரத்தில் ஏற்றினவர், கரித் தகடு தேய்க்க மொத்தத்தையும் கரைத்துவிட்டாரே! கோட்டுக்காக ஒரு பாட்டு, புளிக்காக ஒரு பாட்டு என்று திட்டித் தீர்த்தேன். அவர் காது கேட்காத முகத்தோடு நாரை அலசிக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு வீரய்யா எழுந்து வந்தார். தகட்டைப் பார்த்தார். ஆத்தாளைப் பார்த்தார். கோடு இல்லாத தகட்டைக் கொண்டுபோனால் தலை போகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஜப்பான்காரன் தலையை எடுத்தால் திருப்பித் தர மாட்டான். மெதுவாகத்தான் எங்களுக்கு மண்டையில் ஏறியது, கோடு போனால் என்ன, இன்னொரு கோடு போட்டால் தீர்ந்தது.

பொழுது சாய்வதற்குள் போட்டுவிட வேண்டும். என் தையல் ஊசியை எடுத்தேன். எங்கே போடுவது என்பதில் சண்டை. பள்ளத்தை ஒட்டியே போட்டுவிடலாம் என்கிறார் அவர். கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், ரொம்ப ஆசைப்பட்டால் மாட்டிக்கொள்வோம் என்கிறேன் நான். வெங்காயம் நறுக்குகிற பேச்சு மாதிரி ஒரு விரல், இரண்டு விரல் என்று மனுஷன் உயிருக்குப் பேரம் நடந்தது. "கெழங்கு ஆறுது" என்றார் மாமியார் அடுப்படியிலிருந்து. கடைசியில் சயாம் பயம்தான் ஜெயித்தது. பள்ளத்துக்கு அரை விரல் மட்டும் தள்ளிக் கோட்டைக் கீறி, மேலே கரியைத் தடவி வைத்தார் வீரய்யா.

ஆணி

காலையில் ஆபீசர் வந்தார். பூட்ஸ் மட்டும் முழங்கால்வரை. வந்ததும் எல்லோரும் இடுப்பை ஒடித்து வணங்கினோம். மண்டோர் ஓடிப்போய் இளநீர் வெட்டினார்.

வீரய்யா தகட்டைக் கொண்டுபோய் அளவுக்காரனிடம் கொடுத்தார். ஜல்லிக் குவியலில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரியைத் தடவினாலும் அடியில் பளபளப்பு தெரியத்தான் செய்தது. என் மாமியார் தேய்த்தால் அப்படி. அளவுக்காரன் தகட்டைப் பார்த்தான். கோட்டையும் பள்ளத்தையும் பார்த்தான். நிமிர்ந்து வீரய்யாவைப் பார்த்தான்.

நான் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆபீசர் தலையை அண்ணாந்து இளநீர் குடிக்கிற நேரம். அளவுக்காரன் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்தான். எங்கள் கோட்டைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து மங்க வைத்துவிட்டு, பள்ளத்தை விட்டு இன்னும் மூன்று விரல் தள்ளி இன்னொரு கோடு இழுத்தான். பிறகு குனிந்து வீரய்யா காதில் மலாயில் என்னவோ சொன்னான்.

அதற்கப்புறம் நூலை வைத்து அளந்தான், காகிதத்தில் கணக்குப் போட்டான், ஆபீசரிடம் நீட்டினான். ஆபீசர் தலையை ஆட்டினார். மருந்து நன்றாக இருக்கிறது, கல்மலை ஓடும் என்று மண்டோர் வந்து சொன்னார்.

என்ன சொன்னான் என்று வீட்டில் கேட்டேன். "இவ்ளோ வேகமா ஓடுற மருந்து ஒலகத்துலயே கெடையாதுன்னான் லா" என்றார் வீரய்யா. சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது.

அளவுக்காரன் ஏன் செய்தான்? எங்கள் மேல் இரக்கம் என்று நான் ஏமாற மாட்டேன். கல்மலை மூடினால் அவனையும் சயாமுக்குத்தான் அனுப்புவார்கள் என்று பிறகு மண்டோர் சொன்னார். அவனுக்கும் உயிர் வெல்லக்கட்டிதானே.

வேடிக்கை அதற்கப்புறம்தான். மருந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியாயிற்று, கல் வர வேண்டுமே? இருமுகிற மருந்து விட்ட குறையை நாங்கள் கையால் முடித்தோம். பாறை மேல் விறகு அடுக்கிக் கொளுத்தி, சூடேறியதும் தண்ணீரைக் கொட்டி விரிசல் விட வைத்து, ஆப்பு அடித்துப் பிளந்தோம். ஜப்பான்காரன் போகிறவரைக்கும் அந்தப் பொய்யைச் சுமந்து உடைத்தோம். என் உள்ளங்கைக் காய்ப்பு இன்னும் போகவில்லை. ஆனால் எங்கள் தமர் ஆட்களில் ஒருவரும் ரயில் ஏறவில்லை.

ஜாடி

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து கொஞ்சம் பேர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், பெரியவரோடு ஒரே கொட்டகையில் இருந்தவர், எங்கள் வீடு தேடி வந்தார். வாசலிலேயே நின்றார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே மாமியார் உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அந்தப் பித்தளைத் தட்டைத் தேய்க்கவில்லை.

கப்பல் வர ஆரம்பித்ததும் சிரம்பான் தெமியாங் பக்கத்துக் கடையில் ஊர்ப் புளி வந்தது. நான் ஒரு கட்டி வாங்கி வந்து அந்தப் பழைய ஜாடியில் அடைத்து மாமியார் முன்னால் வைத்தேன். வைத்தவள் சும்மா இருந்தேனா? அன்றைக்கு ஒரு கரித் தகட்டுக்காக அத்தனை புளியையும் பாழ் பண்ணினீர்களே, சாம்பல் போதவில்லையா என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். மூன்றடி தள்ளி நின்றுதான்.

"சாம்பல்ல போகல" என்றார் மாமியார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சாம்பல் போட்டுத் தேச்சேன், கோடு போகல. வெறுஞ் செங்கத்தூளு நார்ல நிக்கல. அசாம் துண்டு வழுக்குது. புளியக் கரைச்சுப் போட்டாத்தான் புடிச்சுது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் வீரய்யா கிழங்கும் நூலுமாக எனக்குப் பாடம் நடத்திய அன்று, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். அழுக்குக்காக இல்லை. பள்ளம் தள்ளி விழுந்ததைத் தகட்டில் பார்த்துவிட்டு, கோட்டை அழிக்கத்தான் தேய்த்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மாட்டினால் கிறுக்குக் கிழவி செய்த காரியம் என்று தன் தலையோடு போகட்டும் என்று.

"அது பெரியவருக்கு வச்ச புளியாச்சே அத்தே" என்றேன்.

"அவனுக்கு வச்சதுதான்." ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தம்பிக்கு ஆச்சு. அவன் கோவிச்சுக்க மாட்டான்."

அதைக் கரைத்த அன்றைக்கே பெரியவர் வரமாட்டார் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் அத்தனை நாள் அந்தத் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாரே!

அழுது முடித்த பிறகுதான் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. "அப்ப, உங்களுக்குக் காது கேக்குமா? நான் இவ்ளோ நாளா மொணமொணத்தது..."

"எல்லாந்தான் கேட்டுச்சு" என்றார் மாமியார். பெரியவர் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "மீன் என்னா வாங்கினே?"